சீரகத்துக்குக் கட்டிய சீலை

தம்பி,

சுகமா என்று கேட்டு இதைத் தொடங்கவில்லை. நேற்றுச் சாயங்காலம்தான் போனில் உன் சுகத்தைக் கேட்டேன், நீயும் சொன்னாய். அதற்குப் பிறகு சீரகத்தைப் பற்றி நான் வாயைத் திறந்ததும், "சரிம்மா, அப்புறம் எடுக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். நீ கொழும்புக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து அந்த "அப்புறம்" எனக்குப் பழகிப்போன ஒன்றுதான். அதனால்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. மடித்து வைக்கலாம், ஆனால் மடித்து வைத்த கடிதம் மேசையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் இதை முழுசாக வாசித்துவிடு. நான் முடிவு பண்ணியாயிற்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிப் பக்கத்தில் அம்மா மனம் மாறியிருப்பாள் என்று நினைத்துத் தாண்டித் தாண்டி வாசிக்காதே. தாலி கட்டுவதற்கு முன்னால் சீரகமும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த உருண்டையை உன் தலையிலும் தர்ஷினி தலையிலும் வைக்கப்போகிறோம். ஹட்டன் மண்டபத்தில், வந்திருக்கும் அத்தனை பேர் முன்னாலும்.

நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "அம்மா, அவங்க வச்சிருக்கிறதே பலசரக்குக் கடை. அவங்க கடையில மூட்டையா கிடக்கிற சாமான அரைச்சு அவங்க பொண்ணு தலையிலயே அப்புறதா? சிரிக்க மாட்டாங்களா?" என்றாய். சிரிப்பார்கள் என்பதற்காக நீ பயப்படுகிறவன் இல்லை, உன்னை எனக்குத் தெரியும். பிறகு குரலைத் தணித்து, உண்மையானதைச் சொன்னாய். "பார்க்கிறவங்க இது எந்த ஆளுங்களோட வழக்கம்னு கேப்பாங்க. நான் நம்ம பூர்வீகம் திருச்சிப் பக்கம்னு சொல்லி வச்சிருக்கேன். அப்ப நான் என்ன சொல்றது?" திருச்சி நல்ல ஊர்தான் தம்பி. ஆனால் நம்முடைய ஊர் இல்லை. நம்முடைய ஊர் எது என்று உன் அப்பாவுக்கும் தெரியாது, அவருடைய அப்பாவுக்கும் தெரியாது. தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்கள் தெலுங்கு பேசினார்களாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டபோது தமிழில் பதில் சொன்னார்கள், லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டோடு தமிழில் சண்டை போட்டார்கள், தமிழிலேயே பிள்ளைகளைத் தாலாட்டினார்கள், அந்தத் தெலுங்கு எங்கே போனது என்று யாரும் தேடவில்லை. மிச்சம் இருந்தது கல்யாணத்தில் செய்யும் இந்த ஒன்றும், அதற்கு நாம் சொல்லும் ஒரு பேரும்தான்.

அந்தப் பேர் உனக்கும் தெரியும். சீலைக்காரி வெல்லம். மற்ற நாளெல்லாம் கருப்பட்டி என்று சொல்லும் சாமானை அந்த ஒரு நாள் மட்டும் நம்மவர்கள் வெல்லம் என்பார்கள். ஏன் என்று கேட்டால் சாமி காரியம் என்பார்கள். எந்தச் சாமி? சீலைக்காரி. நம்முடைய ஆட்கள் கப்பலேறியபோது கூடவே வந்த அம்மன், அவளுக்குக் கோயில் கிடையாது, கல் கிடையாது, கல்யாணத்தன்று மட்டும் உருண்டையில் வந்து இறங்குவாள், வெறும் உருண்டையாக அவளை வைக்கக் கூடாது, மானம் மறைக்கப் பக்கத்தில் புதுச் சீலை ஒன்றை மடித்து வைக்க வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது உன் பெரிய அத்தை. என் கல்யாணத்தன்று நான் தலையை நிமிர்த்தி உன் அப்பாவைப் பார்க்கப் போக, "சீலைக்காரி வந்துட்டா! தலையக் குனி புள்ள!" என்று அத்தை போட்ட சத்தத்தில் மேளக்காரரே ஒரு நொடி நிறுத்திவிட்டார். கல்யாணம் முடிந்ததும் சீலைக்காரிக்கு வைத்த சீலையை அத்தை தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அம்மன் பேரில் வாங்கிய அத்தனை சீலையும் அத்தையின் இடுப்பில்தான் இருந்தது என்று உன் அப்பா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

என் தலையில் வைத்த உருண்டை நிற்கவே இல்லை. பொலபொலவென்று உதிர்ந்து கழுத்துக்குள் போய், தாலி கட்டும் நேரம் முழுக்க எனக்கு அரிப்பு. காரணம் பிறகுதான் தெரிந்தது. அத்தை நோர்வூட்டில் முதலாளி கடைக்குப் போய்ச் சீரகம் கேட்டிருக்கிறாள். முதலாளி சிங்களத்தில், "சூதுருத? மாதுருத?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். சூதுரு என்றால் ரசத்துக்குப் போடும் சின்னச் சீரகம், மாதுரு என்றால் பெருஞ்சீரகம். அத்தைக்கு அது விளங்கவில்லை. மா என்றால் பெரிது, மாதுரு என்றால் ஏதோ பெரிய துரை மாதிரி மரியாதையாகவும் கேட்கிறது, அம்மன் காரியத்துக்குச் சின்னதை ஏன் வாங்க வேண்டும் என்று மாதுருவையே கட்டித் தரச் சொல்லிவிட்டாள். அதற்கு முன்னால் எத்தனை கல்யாணத்தில் பெருஞ்சீரகம் வைத்தார்களோ, யாருக்குத் தெரியும். நார் நாராக இருக்கும் அது, அம்மியில் எவ்வளவு அரைத்தாலும் கருப்பட்டியோடு ஒட்டாது. ஒட்டாததை அம்மனின் கோபம் என்று சொல்லி, அடுத்த கல்யாணத்துக்கு இன்னும் நல்ல சீலையாக வாங்கினார்கள்.

நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். ஏன் போனேன் என்பது உனக்குத் தெரியும், அதை இங்கே கிளற வேண்டாம். அங்கே சமையலறையில் என்னோடு இன்னொருத்தி இருந்தாள், லட்சுமி, கடப்பாப் பக்கத்துக்காரி. சென்னையில் கொஞ்ச நாள் வேலை பார்த்ததால் அவளுக்கு அரைகுறையாகத் தமிழ் வரும். நான் போய்ச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அடுப்பில் இறைச்சி கொதித்துக்கொண்டிருக்கிறது, அவள் திரும்பிப் பார்க்காமல் என்னிடம் கையை நீட்டி, "அக்கா, ஜீலகர்ர இவ்வு!" என்றாள். எனக்குக் கேட்டது சீலைக்காரி. கடல் தாண்டி, மணலுக்கு நடுவில், முன்பின் தெரியாத ஒருத்தியின் வாயில் நம் வீட்டு அம்மன். கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நெற்றிக்கு மேலே கூப்பி, "தாயே" என்று கண்ணை மூடிவிட்டேன். லட்சுமி எனக்குத் தலைவலி என்று நினைத்தாள். தானே எட்டி ஒரு போத்தலை எடுத்து என் முகத்துக்கு முன்னால் குலுக்கி, "இதி! இதி ஜீலகர்ர! மீ ஊர்லோ ஏமண்டாரு?" என்றாள். உங்கள் ஊரில் இதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்கிறாள். போத்தலுக்குள் சீரகம். இதற்குள் சத்தம் கேட்டு வீட்டுக்கார மேடம் வந்து, பானையைக் காட்டி, போத்தலைக் காட்டி, "கம்மூன்! கம்மூன்! யல்லா!" என்று கத்தினார். கம்மூன் என்றால் அரபியில் சீரகம், யல்லா என்றால் சீக்கிரம். எனக்கு அப்போது மூன்று பேரும் மூன்று சாமியைக் கூப்பிடுவது போல இருந்தது.

அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது லட்சுமியிடம் நம் வீட்டுக் கல்யாணத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எங்களுக்கும் அதேதான் அக்கா. ஜீலகர்ர, பெல்லம். பையன் தலைமேல பொண்ணு வைக்கும், பொண்ணு தலைமேல பையன் வைக்கும். அதுதான் பெள்ளி. தாலி எல்லாம் பின்னாடி" என்றாள். பெள்ளி என்றால் கல்யாணம், பெல்லம் என்றால் வெல்லம். ஜீலகர்ர பெல்லம் நம் வாயில் சீலைக்காரி வெல்லம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். ஏன் அதைத் தலையில் வைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவள் கொஞ்சம் சீரகத்தை இடித்து, சர்க்கரைக்கட்டியோடு உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து, என் கையில் வைத்து, "இப்ப பிரிச்சுக் குடு பார்க்கலாம்" என்றாள். அதில் எது சீரகம், எது சர்க்கரை? நான் அழுதேன் தம்பி. சந்தோஷமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை. நம்முடைய ஆட்கள் இத்தனை தலைமுறையாக ஒரு பேரைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்கள், அதற்கு அர்த்தம் தெரிந்த ஒரு பெண்ணை நான் யாரோ ஒருவர் வீட்டுப் பாத்திரத் தொட்டியில் சந்தித்தேன். உன் அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அப்ப இத்தனை காலமா நாங்க ரசத்துக்குத்தான் சீலை வாங்கிக் குடுத்தோமா?" என்றார்.

இதை நான்தான் உனக்குச் சொன்னேன். சொன்னதை எனக்கு எதிராகவே நீ எடுத்துக்கொண்டாய். பொங்கல் லீவுக்கு வந்தபோது போனைத் தட்டித் தட்டி வாசித்தாய். சீரகம் என்ற பேர் ஜீரகம் என்ற வடசொல், ஜீரணம் என்ற சொல்லுக்கு உறவு, தெலுங்கில் ஜீலகர்ர ஆனது அதுதான் என்றாய். உள்ளே இருக்கும் அகத்தைச் சீராக்குவதால் சீர் அகம் என்று எங்கள் தமிழ் டீச்சர் சொல்லித் தந்ததை நான் சொன்னபோது, அது பிறகு ஆட்கள் கட்டியது அம்மா, கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான் என்றாய். அரபு மேடத்தின் கம்மூனும் சும்மா வந்ததில்லை, களிமண்ணில் எழுதிய காலத்து மொழியிலேயே அந்தச் சத்தம் இருக்கிறது, கிரேக்கர்கள் அதை வாங்கித் தங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி திரித்தார்கள், லத்தீன்காரர் அதை வாங்கினார்கள், அங்கிருந்துதான் இங்கிலீஷில் கமின் என்றாய். எல்லாம் சொல்லிவிட்டு, "பாத்தீங்களா அம்மா, சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒரு பிழைய வச்சுக்கிட்டு ஏன் பிடிவாதம் பிடிக்கிறீங்க?" என்று கேட்டாய்.

அதற்குப் பதில் இப்போது வந்திருக்கிறது, எழுதுகிறேன். நீ வாசித்துக் காட்டிய கதையில் அந்தப் பேரைத் திரிக்காதவர் யார்? சீரகம் போன ஊரெல்லாம் அங்கே இருந்தவர்கள் தங்கள் நாக்குக்கு வந்தபடி அதைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிரேக்கன் வாயில் திரிந்தால் அது வரலாறு, உன் அத்தை வாயில் திரிந்தால் அது பிழையா? அது எந்த ஊர் நியாயம்? அர்த்தம் தொலைந்துபோன ஒரு சத்தத்தைக் கேட்டு, இது யாரோ ஒரு பொம்பளையின் பேராகத்தான் இருக்கும், அவளுக்கு உடுக்க ஒன்று வேண்டும் என்று நம் பெண்கள் நினைத்தார்களே, அதை நினைக்கும்போது எனக்குக் கூச்சம் வரவில்லை, பெருமைதான் வருகிறது. காலை முழுக்க மழையில் நனைந்து, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறித்தவர்கள் அவர்கள். தங்களுக்கே மாற்றுச் சீலை இல்லாதவர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒருத்திக்குப் புதுச் சீலை வைத்தார்கள். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. சாமி இல்லை என்பது எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும், அவளை முதலில் போத்தலுக்குள் பார்த்தவள் நான்தானே.

ஆனால் பெருஞ்சீரகத்தை இனி வைக்க விடமாட்டேன். அந்தப் பிழை போதும். லட்சுமி நான் ஊருக்குத் திரும்பும்போது ஒரு துணியில் சீரகம் முடிந்து கொடுத்தாள். சமைத்துத் தீர்க்க மனம் வராமல், வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தியில் ஒரு ஓரமாகத் தூவினேன். உனக்கு நினைவிருக்கும், நீ அதைக் காரட் என்று நினைத்து இழுத்துப் பார்த்தாய். உன்மேல் தப்பில்லை, அது காரட்டுக்குச் சொந்தக்காரச் செடிதான், இலை மட்டும் இன்னும் மெல்லிசு, தையல் நூல் மாதிரி. முழங்காலுக்குக்கூட வளராது. மழை வந்ததும் அப்படியே படுத்து அழுகிப்போனது. அது காய்ந்த ஊரில் விளைகிற சாமான், நம்முடைய பனிக்கும் மழைக்கும் என்ன செய்யும் என்று உன் அப்பா சொன்னார். அடுத்த முறை கடைச் சீரகத்தைப் போட்டேன், அதுவும் அழுகியது. உன் அப்பாவின் கேலியை இங்கே எழுத மாட்டேன். நீ தர்ஷினியைப் பற்றி வீட்டில் சொன்ன பிறகு விடக்கூடாது என்று இருந்துவிட்டேன். மரக்கறித் தோட்டக்காரரிடம் பழைய பொலித்தீன் கேட்டு வாங்கி, நாலு கம்பு நட்டுக் கூரை போட்டு, மண்ணை மேடாக்கி, மார்கழியில் விதைத்தேன். இலையில் பனி நிற்காமல் காலையில் விரலால் தட்டி விடுவேன். பங்குனியில் குடை விரித்த மாதிரி சின்னச் சின்னதாக வெள்ளைப் பூ வந்தது. இப்போது காய்ந்த சீரகம் ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. கடைச் சீரகம் மாதிரி கொழுத்ததாக இல்லை, நம்மைப் போல ஒடிசலாக இருக்கிறது, ஆனால் கையில் தேய்த்தால் வாசம் வாசல் வரைக்கும் வருகிறது. உன் தலையில் வைக்கப்போவது அதைத்தான்.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அம்மா நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். நம் வீட்டில் யாரும் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. தெரியாததைக் கும்பிட்டார்கள், நீ தெரிந்துகொண்டதும் சிரித்தாய். இரண்டும் வேண்டாம். தர்ஷினி வேறு வீட்டில் வளர்ந்தவள், அவள் சொல்லும் சொல்லுக்கு அவள் வீட்டு அர்த்தம் இருக்கும். விளங்காவிட்டால் லட்சுமி கேட்ட மாதிரி கேள், உங்கள் வீட்டில் இதை என்னவென்று சொல்வீர்கள் என்று. முதலாளி கேட்டதற்கு அத்தை தலையாட்டிய மாதிரி ஆட்டிவிட்டு வந்துவிடாதே, பிறகு காலமெல்லாம் கழுத்தில் அரிக்கும்.

இனி, உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போன கிழமை தர்ஷினி எனக்குப் போன் எடுத்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், திருச்சி இல்லை என்பதையும் சேர்த்து. நீ கோபப்பட்டால் படு. அவள் சிரித்தாள். "திருச்சியில எந்த இடம்னு எங்கப்பா கேட்டப்போ உங்க மகன் 'டவுன்ல'ன்னாரு மாமி. அப்பவே எங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள். அவளுடைய அப்பாவிடம் அவளே உருண்டை விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் கடைக்காரர் அல்லவா, "நம்ம கடையிலயே இருக்கு, எவ்வளவு வேணுமாம்?" என்று மட்டும் கேட்டாராம். சீரகம் என்னிடம் இருக்கிறது, கருப்பட்டிக்கு மட்டும் நல்ல கித்துள் மரத்துக் கருப்பட்டியாகத் தரச் சொல் என்று சொல்லிவிட்டேன். சீரகம் இந்த வீட்டினது, கருப்பட்டி அந்த வீட்டினது, அப்படித்தான் இருக்க வேண்டும். போனை வைக்கும் முன்னால் அவள், "மாமி, சீலைக்காரிக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்டாள். நான் யோசிக்காமல் மயில்கழுத்து நிறம் என்று சொல்லிவிட்டேன். அது எனக்குப் பிடித்த நிறம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. நேற்று ஹட்டனுக்குப் போய் வாங்கிவிட்டேன். இந்த முறை அது யார் பெட்டிக்குள்ளும் போகாது. உருண்டை தலையில் ஏறியதும் தட்டிலிருந்து எடுத்துத் தர்ஷினி கையில் கொடுப்பேன். நம் வீட்டுச் சீலைக்காரிக்கு இத்தனை காலம் கழித்து முகம் கிடைத்திருக்கிறது, நல்ல முகமாகவும் இருக்கிறது.

ஆக, வெட்கப்பட மிச்சமிருப்பது நீ ஒருவன்தான் தம்பி. வெளியாட்கள் கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள், இது எந்த ஆளுங்க வழக்கம் என்று. நீ ஊர்ப் பேர் தேடாதே, போனைத் தட்டாதே. எங்க வழக்கம் என்று சொல், வேறு ஒன்றும் வேண்டாம். அந்த இரண்டு சொல்லும் உனக்கு வரவில்லையென்றாலும் பரவாயில்லை, பக்கத்தில் நான் நிற்பேன், நான் சொல்லிக்கொள்கிறேன். தர்ஷினி உன் தோள் உயரம்கூட இல்லை, அந்த உருண்டையோடு அவள் கை உன் தலைக்கு எட்டாது.

நீ குனி.

உன் அம்மா